செவிலியர் கல்லூரிக்கு எத்தனை படுக்கை என்று கேட்கிறோம், எத்தனை வீடு என்று யார் கேட்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023-24 மத்திய பட்ஜெட்டில் நாடு முழுக்க 157 புதிய செவிலியர் கல்லூரிகள் என்று அறிவித்ததிலிருந்து, புதுக் கல்லூரி பற்றிய செய்தி வரும்போதெல்லாம் நான் விடாமல் படிக்கிறேன். எத்தனை சீட், கட்டடம் எத்தனை கோடி, சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் எத்தனை படுக்கை, இதெல்லாம் வருகிறது. அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் எந்தக் கிராமத்தில் படிக்கப் போகிறார்கள், எந்தத் துணை சுகாதார நிலையத்தோடு அந்தக் கல்லூரி இணைந்திருக்கிறது என்று ஒரு வரி கூட வருவதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். வருடா வருடம் கல்லூரிகளிலிருந்து ‘கம்யூனிட்டி போஸ்டிங்’ என்ற ஊர்க்களப் பயிற்சிக்கு வந்த மாணவிகளை எங்கள் துணை சுகாதார நிலையத்து வாசலில் நின்று வரவேற்றவள். அந்த வாசலில் நின்று பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

போஸ்டிங் எப்படி நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். காலை பத்து மணிக்குக் கல்லூரிப் பேருந்து வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஊரில் யார் இருப்பார்கள்? நூறு நாள் வேலைக்கும், களை எடுக்கவும், செங்கல் சூளைக்கும், பெங்களூர் கட்டட வேலைக்கும் போனவர்கள் போக, திண்ணையில் ஆயாக்களும் தூளியில் குழந்தைகளும்தான். மாணவிகள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போவார்கள். பேருந்து திரும்புவதற்கு வசதியான தெரு எதுவோ அந்தத் தெருவுக்குத்தான் எல்லா வருடமும் போவார்கள், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனிக்கோ மலையடிவாரக் குடிசைகளுக்கோ யாரும் போக மாட்டார்கள். வீட்டு வாசலில் செய்தித்தாளை விரித்து, பையை வைத்து, கை கழுவி, பையிலிருந்து கருவிகளைச் சுத்தமாக எடுத்துப் பயன்படுத்தும் ‘பேக் டெக்னிக்’ ஒழுங்காகச் செய்து, பிபி பார்த்து, ஃபேமிலி ஃபோல்டரில் எத்தனை பேர், என்ன வருமானம், என்ன கழிப்பறை என்று எழுதிக்கொண்டு, சார்ட்டைப் பிடித்துக்கொண்டு சமச்சீர் உணவு பற்றிப் பத்து நிமிடம் பேசி, போட்டோ எடுத்துக்கொண்டு ஒரு மணிக்குள் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். “போன வருசம் வந்த பொண்ணும் இதையேதான் கேட்டுச்சு, எழுதிக்கிட்டுப் போச்சு, அப்புறம் ஒண்ணுமே காணோமே நர்ஸம்மா” என்று ஒரு ஆயா என்னிடம் கேட்டார். அவர் கோபமாகக் கூடக் கேட்கவில்லை. பதில் சொல்லத்தான் எனக்குச் சிரமமாக இருந்தது.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அருமையான பிள்ளைகள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நிறைய பேர், கிராமத்து வீட்டில் எப்படி உட்கார வேண்டும், யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று அவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டிய அவசியமே இருந்ததில்லை. ஆனால் மதிப்பெண் எதற்கு? ரெக்கார்டு நோட்டுக்கு. கேர் ஸ்டடி (ஒருவரைப் பராமரித்ததை எழுதும் குறிப்பு) எத்தனை, ஹெல்த் டாக் எத்தனை, படம் வரைந்திருக்கிறதா, எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) வரும்போது அட்டை போட்டு இருக்கிறதா, இதற்குத்தான் மதிப்பெண். அப்படி இருக்கும்போது ராத்திரி ஹாஸ்டலில் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதத்தான் தோன்றும். ஒரே குடும்பத்தின் ரத்த அழுத்தம் மூன்று மாணவிகளின் நோட்டில் ஒரே எண்ணாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பாடத்திட்டத்தில் இடம் இல்லையா என்றால், இருக்கிறது. இந்திய செவிலியர் குழுமம் 2021இல் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தைத் திருத்தி செமஸ்டர் முறைக்குக் கொண்டுவந்தது. அதில் சமுதாய சுகாதார செவிலியம் இரண்டு பாடமாக வருகிறது, ஐந்தாவது செமஸ்டரில் ஒன்று, ஏழாவதில் ஒன்று. கடைசி செமஸ்டரில் 22 வார இன்டர்ன்ஷிப், அதில் 4 வாரம் நகரம், கிராமம் என்று களத்துக்கு. தொற்றுநோயியல் இருக்கிறது, சுற்றுச்சூழல் இருக்கிறது, துணை சுகாதார நிலையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளராக வேலை பார்க்கத் தேவையான பயிற்சியும் உள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். காகிதத்தில் நல்ல பாடத்திட்டம் என்றுதான் சொல்வேன். ஆனால் நான்கு வருடப் படிப்பில் இரண்டு மூன்று துண்டாக, ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஊர், புதுக் குடும்பம் என்று போய் வந்தால் ஒரு வீட்டையும் தெரிந்துகொள்ள முடியாது, ஒரு வீட்டில் எதையும் மாற்றவும் முடியாது.

மருத்துவமனை வார்டில் நோயாளி நம் இடத்துக்கு வந்தவர். நாம் சொன்ன நேரத்துக்கு மாத்திரை, நாம் சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு. வீட்டில் நாம்தான் விருந்தாளி. அங்கே மாத்திரை விழுங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது மாமியாராக இருக்கலாம், சாராயக் கடைக்குப் போகும் கணவனின் பாக்கெட்டாக இருக்கலாம், விடிகாலை நாலு மணிக்குப் பூப்பறிக்கப் போகும் அவசரமாக இருக்கலாம். இதை வகுப்பில் சொல்லித் தர முடியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்திருக்கின்றன. பெருமைப்பட வேண்டிய விஷயம், அதில் எங்களைப் போன்ற கிராம சுகாதார செவிலியர்களின் கால்வலியும் இருக்கிறது. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கட்டிலையும் டாக்டரையும் ஆம்புலன்சையும் வைத்து முடிக்கக்கூடிய வேலையை முடித்துவிட்டோம், மிச்சம் இருப்பது அடுப்படியில் இருக்கிறது என்றுதான் இதற்கு நான் அர்த்தம் எடுத்துக்கொள்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை எல்லார் வீட்டிலும் இருக்கும். பரண் மேல் அட்டை அட்டையாக இருக்கும். சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்தியிருப்பார்கள். மாத்திரை போட்டால் குழந்தை பெரிதாகி ஆபரேஷன் ஆகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். போடுகிறவர்களும் டீயோடு சேர்த்துப் போடுவார்கள், கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே விழுங்குவார்கள், இரண்டுமே இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ‘முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க’ என்று சார்ட்டைக் காட்டிவிட்டு வரும் மாணவிக்கு இதில் எதுவும் தெரிய வராது. மறுபடி அடுத்த வாரம் போய், மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லி, மாமியாரையும் கூட உட்கார வைத்துப் பேசி, இரண்டு மாதம் கழித்து ஹீமோகுளோபின் பார்த்து அது ஏறியிருப்பதைக் கண்ணால் பார்க்கும் மாணவி வேறு ஆளாகத் திரும்பி வருவாள்.

சர்க்கரை நோய்க்கு இன்னொரு உதாரணம். அரசு மருத்துவமனையில் கொடுக்கும் இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட் வகை, அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச். மருந்துக் கடையில் ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சும் கிடைக்கும். அவசரத்துக்கு பேரன் அதை வாங்கி வந்துவிட்டால், டாக்டர் சொன்ன 20 யூனிட்டுக்கு 20ஆம் கோடு வரை இழுத்துப் போட்டாலும் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. டாக்டர் அளவைக் கூட்டுவார். என்றைக்காவது சரியான சிரிஞ்ச் கைக்கு வந்து, கூட்டின அளவை அப்படியே போட்டால் அந்த ஆயா ராத்திரியில் மயங்கிக் கிடப்பார். ஓபி சீட்டைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. வீட்டுக்குப் போய், ‘எப்படிப் போடுறீங்க, என் முன்னாடி ஒரு தடவை போட்டுக் காட்டுங்க’ என்று கேட்டால்தான் தெரியும். குப்பியை எங்கே வைக்கிறார்கள் என்றும் அப்போதுதான் தெரியும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் தகரக் கூரைக்கு அடியில் தொலைக்காட்சிப் பெட்டி மேல் வைத்திருப்பார்கள், மண்பானைக்குள் ஈரமில்லாமல் வைக்கச் சொல்லித் தர வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? நான் கேட்பது ஒரே ஒரு விஷயம்தான். ஒரு மாணவி முதல் வருடம் சேர்ந்ததும் அவளுக்கு ஒரு துணை சுகாதார நிலையத்தையும் அந்த ஊரில் நாலைந்து குடும்பங்களையும் கொடுத்துவிடுங்கள். நான்கு வருடமும் அதே குடும்பங்கள்தான் என்று இருக்கட்டும். மாதம் ஒரு தடவையாவது போகட்டும், அதில் சில தடவை சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ, ஆட்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போகட்டும். அந்தக் குடும்பங்களில் ஒரு கர்ப்பிணி இருக்கட்டும், சர்க்கரையோ பிபியோ உள்ள ஒருவர் இருக்கட்டும், படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவர் இருக்கட்டும். முதல் வருடத்தில் கர்ப்பிணிக்கு பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்து ஆர்சிஎச் என்ற தாய்-சேய் நலப் பதிவு எண் வாங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறாள், கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலெட்சுமி ரெட்டி உதவித்தொகை ஏன் ஒருத்திக்கு வந்து இன்னொருத்திக்கு வங்கிக் கணக்குச் சிக்கலில் நிற்கிறது என்று பார்க்கிறாள். குழந்தை பிறந்து 6ஆவது வாரம், 10ஆவது வாரம், 14ஆவது வாரம் புதன்கிழமைகளில் ஊசிக்கு வருவதைப் பார்க்கிறாள், 9 மாதம் முடிந்து தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு வராமல் போனால் ஏன் வரவில்லை என்று தேடிப் போகிறாள். நான்காம் வருடம் அந்தக் குழந்தை அங்கன்வாடியில் இவளை ‘அக்கா’ என்று கூப்பிடும். தாய் சேய் நலம் என்று புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக இருப்பதெல்லாம் ஒரே வீட்டில் ஒன்றன் பின் ஒன்றாக நடப்பதை அவள் பார்த்துவிட்டிருப்பாள்.

வீட்டோடு நின்றுவிடவும் கூடாது, தெருவையும் படிக்க வேண்டும். ஹவுஸ் இண்டெக்ஸ் கணக்கு எல்லாப் பிள்ளைகளும் தேர்வில் சரியாகப் போடுவார்கள், நூறு வீட்டில் எத்தனை வீட்டில் கொசுப்புழு என்று. ஆனால் டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளரோடு ஒரு காலை நடந்து, சிமெண்ட் தொட்டியில் டார்ச் அடித்துப் புழு நெளிவதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றும் ஆபரேட்டரிடம் பேசி, கடைக்கோடிக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தவர்கள்? 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் காசநோய் என்று தெரிந்தவரின் எடை-உயரம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா, இவ்வளவுதான் பார்க்கிறார்கள். இதை வைத்தே யார் வீட்டில் இருந்து மாத்திரை சாப்பிடலாம், யாரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று பிரிக்கிறார்கள். எக்ஸ்ரேயும் பெரிய லேபும் இல்லாமல் ஒரு உயிரைக் காப்பாற்றும் முடிவு. ஒரு செவிலிய மாணவி முழுசாகக் கற்றுக்கொண்டு செய்யக்கூடிய வேலை இதைவிட என்ன இருக்கிறது?

ஆண் மாணவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களை வீட்டுக்குள் விட மாட்டார்கள் என்று துணை சுகாதார நிலையத்திலேயே பதிவேடு எழுத உட்கார வைத்துவிடுகிறோம். பிபி, சுகர் பார்க்க வீடு வீடாகப் போனால் ஆண்கள் வீட்டில் சிக்குவதே இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. விடிகாலை டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், பால் சொசைட்டி, இங்கெல்லாம் இந்தத் தம்பிகளை அனுப்பிப் பார்க்க வேண்டும். குடிப்பழக்கம் பற்றி ஒரு ஆம்பளைப் பையன் உட்கார்ந்து பேசினால் கேட்கிற காது வேறு.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் கிராம சுகாதார செவிலியரை ஆசிரியராக ஏற்றுக்கொள்ள வேண்டும், இதை நான் அழுத்திச் சொல்வேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அந்த மக்கள்தொகைக்கான அத்தனை பதிவு, அத்தனை ஆன்லைன் வேலை, அத்தனை கூட்டம், அதோடு திடீரென்று ஒரு காலை 30 மாணவிகள் வந்து நிற்கிறார்கள், ஒரு கடிதத்தோடு. அந்தச் செவிலியருக்கு இந்தக் கற்பித்தலுக்கு என்று நேரமோ மதிப்பூதியமோ இல்லை, மாணவிக்கு ஒரு மதிப்பெண் போடும் உரிமை கூட இல்லை. எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று மனதிலேயே வைத்திருப்பவர் அவர். அவர் படித்தது இரண்டு வருடப் படிப்புதானே, பட்டப்படிப்பு மாணவிக்கு எப்படிச் சொல்லித் தருவார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மனசு வலிக்கிறது. ஐந்து மாணவிக்கு மேல் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு அனுப்பாதீர்கள், அவர்களைக் கற்பிக்கும் செவிலியருக்குப் பல்கலைக்கழகமே ஒரு களப் பயிற்றுநர் சான்றும் ஒரு தொகையும் கொடுக்கட்டும், செய்முறை மதிப்பெண்ணில் பாதியாவது அவர் கையில் இருக்கட்டும். மாநிலத்தில் 8,700க்கும் மேல் துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன, இடம் போதவில்லை என்று சொல்ல முடியாது.

இது நடக்காத கனவும் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1946இலேயே செவிலியப் பட்டப்படிப்பைத் தொடங்கிய இடம், இந்தியாவில் முதன்முதலில் தொடங்கிய இரண்டில் ஒன்று. கணியம்பாடி ஒன்றியத்தில் அவர்கள் பல பத்தாண்டுகளாகச் சமுதாய நலப் பணி நடத்துகிறார்கள், செவிலியர் கல்லூரிக்கென்றே தனிக் களப்பகுதியும் உண்டு. அதே கிராமங்கள், அதே குடும்பங்கள் என்று வருடக் கணக்காகப் போவதால் அங்கே மாணவியைப் பார்த்து யாரும் ‘மறுபடி எழுத வந்துட்டியா’ என்று கேட்பதில்லை. எல்லாக் கல்லூரியும் வேலூர் ஆக முடியாது என்பது தெரியும். ஆனால் நம் மாநிலத்தில் மற்ற பல மாநிலங்களில் இல்லாத ஒன்று இருக்கிறது, பொது சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகம், 1939ஆம் வருடத்துச் சட்டம், கிராமம் வரை ஆட்கள். ஒரு தனியார் கல்லூரி சொந்தமாகக் களம் உருவாக்க வேண்டிய அவசியமே இல்லை, இருக்கும் களத்தோடு ஒழுங்காக ஒப்பந்தம் போட்டால் போதும்.

பெற்றோர்கள் பயப்படுவார்கள், சாயங்காலம் பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று. நியாயம்தான். கல்லூரி வாகனம், கூட ஒரு டியூட்டர், ஊரில் செவிலியரும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரும் என்று ஏற்பாடு இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, தன்னார்வலர்கள் அந்தந்த ஊர் சுயஉதவிக் குழுப் பெண்கள்தானே. டியூட்டர்கள் விஷயத்திலும் ஒன்று: படிப்பு முடித்ததும் நேராகக் கற்பிக்க வந்துவிட்ட இளம் டியூட்டர்கள் நிறைய, அவர்களுக்கு வருடத்தில் ஒரு மாதமாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்க வாய்ப்புக் கொடுங்கள். படித்த பிள்ளைகள் எல்லாம் சவுதிக்கும் லண்டனுக்கும்தானே போகிறார்கள், இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு, லண்டனிலும் முதியவர் வீடுகளுக்குப் போய்ப் புண் கட்டும் டிஸ்டிரிக்ட் நர்ஸ் வேலை இருக்கிறது. இங்கேயே இருக்கப் போகிறவர்களுக்கோ துணை சுகாதார நிலையத்திலேயே இடைநிலைப் பணியாளர் வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு வந்து முதல் மாதம் திணறிய தங்கைகள் எனக்குப் போன் செய்து கேட்ட கேள்விகள் எல்லாம் வார்டில் வராத கேள்விகள். “கேன்சர் முத்திப்போன தாத்தாவுக்கு வலி தாங்கலை, வீட்டுல மருந்து தீர்ந்துபோச்சு, யார்கிட்ட கேக்கணும் மேடம்?” “புருசன் அடிச்ச காயம்னு தெரியுது, கீழ விழுந்துட்டேன்னு சொல்றாங்க, நான் என்ன எழுதட்டும்?”

எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் செவிலியர் குழுமமும் இந்தக் கடிதத்தைப் பார்க்க நேர்ந்தால், உடனே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சமுதாய சுகாதார செவிலியச் செய்முறைத் தேர்வைக் கல்லூரி லேபில் மேசை போட்டு நடத்தாமல், அந்த மாணவி போய்வந்த வீட்டிலேயே நடத்துங்கள். எக்ஸ்டர்னல் அங்கே வரட்டும். ரெக்கார்டு நோட்டைத் திருப்பிப் பார்ப்பதற்குப் பதிலாக, வீட்டில் இருப்பவர்களிடம் இந்தப் பெண் யார், எத்தனை தடவை வந்தாள், என்ன சொன்னாள், அதில் எதை நீங்கள் செய்தீர்கள், எதை ஏன் செய்ய முடியவில்லை என்று கேட்கட்டும். அதே கேள்வியை மாணவியிடமும் தனியாகக் கேட்டு இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடட்டும். ஒரு மாவட்டத்தில், இரண்டு மூன்று கல்லூரிகளில் முதலில் செய்து பார்க்கலாம். எங்கள் மாவட்டத்தில் செய்வதாக இருந்தால், எந்த ஊரில் எந்தச் செவிலியரிடம் மாணவிகளை ஒப்படைக்கலாம் என்று ஊர் ஊராக எழுதித் தர என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பகுதி சுகாதார செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.